மிட்சுயி கடையின் டென்னிஸ்காரர்

கொண்டுவிக்கப் போனவர்கள் – பகுதி 14

தேவகோட்டையில் ஒரு பழைய வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் போதும், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்து வண்டி வந்துவிடும். தேக்குத் தூண், நிலைக்கதவு, எனாமல் தூக்குச்சட்டி, பெல்ஜியம் கண்ணாடி என்று ஒவ்வொன்றாகக் கழற்றி ஏற்றிய பிறகு, சுவரில் இடுப்பளவுக்குப் பதித்த பூப்போட்ட டைல்ஸில் கை வைப்பார்கள். உளியைச் சாய்த்துப் பிடித்து மெல்லத் தட்ட வேண்டும். அவசரப்பட்டால் மூலை தெறித்து விலை பாதியாகிவிடும். முழுசாக வந்ததைத் திருப்பிப் போட்டு, ஒட்டிய சுண்ணாம்பைச் சுரண்டினால், பலவற்றின் முதுகில் ‘மேட் இன் ஜப்பான்’ என்று அச்சு பதிந்திருக்கும். முன்பக்கம் ரோஜா, மயில். சிலவற்றில் நம் கிருஷ்ணனும் லட்சுமியும். இங்கிலாந்து டைல்ஸைப் பார்த்துச் செய்து, நம் சாமியை அதில் ஏற்றி, நமக்கே விற்றிருக்கிறார்கள்.

1914-இல் முதல் உலகப் போர் தொடங்கி ஐரோப்பியச் சரக்கு வரத்து குறைந்தபோது அந்த இடத்தை ஜப்பான் பிடித்துக்கொண்டது. துணி, தீப்பெட்டி, கண்ணாடி வளையல், பீங்கான் என்று பம்பாயிலும் கல்கத்தாவிலும் வந்து இறங்கியது. சரக்கு தானாக வராது, கூடவே ஆளும் வர வேண்டும். ஜப்பானியக் கம்பெனிகள் இரண்டு ஊர்களிலும் கிளை வைத்து, படித்த இளைஞர்களை அனுப்பின. அந்தக் கம்பெனிகளில் பெரியது மிட்சுயி.

இந்தத் தொடரில் இதுவரை நம் செட்டியார்கள் கடைவைக்கக் கடல் கடந்து போன கதையைத்தான் பார்த்து வந்தோம். இந்த முறை எதிர்த்திசையிலிருந்து இங்கே வந்த ஒருவர். பெயர் ஸென்சோ ஷிமிசு. மிட்சுயி கல்கத்தா கிளையின் மாதச் சம்பளக்காரர். 1921-இல் உலகத்தின் சிறந்த டென்னிஸ் ஆட்டக்காரர்கள் யார் என்று லண்டன் ‘டெய்லி டெலிகிராஃப்’ பத்திரிகைக்காரர் வாலிஸ் மையர்ஸ் வரிசைப்படுத்தியபோது நான்காவது இடத்தில் இருந்தவர் இவர்தான்.

ஷிமிசு பிறந்தது 1891-இல், ஜப்பானின் குன்மா மாகாணத்தில் ஒரு கிராமத்தில். டோக்கியோ உயர் வணிகப் பள்ளியில் படித்தார். இன்றைய ஹிதோத்சுபாஷி பல்கலைக்கழகம் அதுதான். கணக்கும் வணிகமும் ஆங்கிலமும் கற்றுக்கொடுத்துக் கம்பெனிகளுக்கு ஆள் தயார் செய்த இடம். அங்கே மாணவர்கள் டென்னிஸ் ஆடினார்கள். ஆனால் பந்து வேறு. கம்பளித் துணி போர்த்திய ஆங்கிலேயப் பந்தைக் கப்பலில் வரவழைப்பது கட்டுப்படியாகாது என்று, உள்ளூரில் செய்த மெத்தென்ற ரப்பர் பந்தை வைத்து அவர்கள் ஆடப் பழகியிருந்தார்கள். அந்தப் பந்தில் கனம் கிடையாது. முழுக் கையையும் வீசி, பந்தின் மேல் சுழற்சி ஏற்றி அடித்தால்தான் வலையைத் தாண்டிக் கோட்டுக்குள் விழும். வலது பக்கம் வந்த பந்தையும் இடது பக்கம் வந்த பந்தையும் மட்டையின் ஒரே முகத்தால் அடிப்பார்கள். லண்டன் பயிற்சியாளர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளும் பிடி அது. அந்தப் பிடியோடும் அந்த வீச்சோடும்தான் ஷிமிசு கல்கத்தா வந்து இறங்கினார். கெட்டிப் பந்தை ஒழுங்காக ஆடிப் பழகியது இங்கே, வங்காளத்துப் புல்தரையில்.

கல்கத்தா என்றால் அன்று சணல். ஹூக்ளி ஆற்றின் இரு கரையிலும் சணல் ஆலைகள். செட்டியார் கடன் கொடுத்து பர்மாவில் விளைந்த நெல்லுக்குச் சாக்கு போனதே கல்கத்தாவிலிருந்துதான். மிட்சுயி கிளையில் இருந்த இளைஞரின் நிலையை நம்மூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. ரங்கூன் கடைக்குப் போன அடுத்தாள் எப்படியோ அப்படி. முதலாளி ஊரில் இருப்பார், பணம் முதலாளியுடையது, மேலே ஒரு மேலாள், வேலை நேரத்துக்குக் கணக்கில்லை, எப்போது ஊருக்குத் திரும்புவது என்பது தன் கையில் இல்லை.

அப்படியானால் ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கியிலிருந்து ஏன் ஒரு டென்னிஸ்காரர் வரவில்லை? 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் 1,600-க்கு மேல் செட்டியார் கடைகள் இருந்தன. கடைக்கு இரண்டு மூன்று பேர் என்றாலும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள். ‘நம்மவர்களுக்கு வட்டிக் கணக்கைத் தவிர வேறு நினைப்பு கிடையாது’ என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நான் அதை ஏற்க மாட்டேன். கிட்டங்கியில் ஒரே கூடத்தில் பல கடைகள் அடுத்தடுத்து இருந்தன. பாயை விரித்து, பெட்டியை முன்னால் வைத்து உட்கார்ந்தால் அதுதான் கடை. இரவு அதே இடத்தில்தான் படுக்கை. பெட்டியடிப் பையனாகப் போனவனுக்கு வயது பதின்மூன்றோ பதினாலோ. ‘கணக்கு’ என்ற ஒரு வேலைத்தவணை மூன்று வருஷம். மாலையில் வெளியே போனால் தண்டாயுதபாணி கோயில். இதற்கெல்லாம் மேல், டென்னிஸ் களம் இருந்தது வெள்ளைக்காரர் கிளப்புகளுக்குள்ளே. அந்த வாசலில் இந்தியர் நுழைய முடியாது. கல்கத்தாவிலேயே பெரிய மனிதர்களை பெங்கால் கிளப் உள்ளே விடவில்லை என்றுதான் 1907-இல் இந்தியருக்கும் இடமுள்ள கல்கத்தா கிளப் தனியே தொடங்கப்பட்டது. வட்டிக்கடை அடுத்தாளுக்கு எந்த வாசல் திறந்திருக்கும்?

ஜப்பானியருக்கு நிலைமை கொஞ்சம் வேறு. 1902-இலிருந்தே பிரிட்டனும் ஜப்பானும் உடன்படிக்கை செய்துகொண்ட நாடுகள். போரில் ஒரே பக்கம். ஷிமிசுவுக்குக் களம் கிடைத்ததில் அவருடைய திறமைக்கு இருந்த பங்கு பெரியதுதான் என்றாலும், அவர் கையில் இருந்த பாஸ்போர்ட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் கணிப்பு. எப்படியோ, போர்க்காலத்தில் வங்காள சாம்பியன்ஷிப்பை அவர் திரும்பத் திரும்ப வென்றார். அந்தப் போட்டி 1880-களில் தொடங்கிய பழைய போட்டி. கல்கத்தாப் பத்திரிகைகளில் அவர் பெயர் பழகிவிட்டது. உலகத்துக்கு இன்னும் தெரியாது.

1920-இல் விம்பிள்டன் போனார். அங்கே ஆடிய முதல் ஜப்பானியர் அவர்தான். அன்றைய முறைப்படி முந்தைய ஆண்டுச் சாம்பியன் மற்றச் சுற்றுகளில் ஆட மாட்டார், காத்திருப்பார். மற்ற எல்லோரும் மோதி, ஜெயித்து வருகிற ஒருவர் அவரைச் சவாலுக்கு அழைப்பார். அந்த ‘ஒருவர்’ யார் என்று தீர்மானிக்கும் ஆட்டம் வரைக்கும் ஷிமிசு வந்துவிட்டார். எதிரே அமெரிக்காவின் பில் டில்டன். ஆறடி தாண்டிய உயரம், பீரங்கி சர்வீஸ், நாடகக்காரருக்குரிய தோரணை. இந்தப் பக்கம் குட்டையான உருவம், பலமில்லாத சர்வீஸ், எந்தப் பந்தையும் விடாமல் ஓடி எடுக்கும் கால்கள், தோற்கும் நேரத்திலும் மாறாத புன்சிரிப்பு. 6-4, 6-4, 13-11 என்று டில்டன் வென்றார். கடைசி செட்டில் இருபத்துநாலு கேம் ஆட வைத்தவரை நேர் செட்டில் தோற்றவர் என்று ஒரு வரியில் எழுதுவது அநியாயம். டில்டன் அடுத்து ஜெரால்ட் பாட்டர்சனையும் வீழ்த்திச் சாம்பியன் ஆனார்.

இந்த ஆட்டத்தைப் பற்றி ஜப்பானில் ஒரு கதை உண்டு. ஆட்டத்தின் நடுவில் டில்டன் வழுக்கி விழுந்தாராம். எதிர்ப்பக்கம் திறந்து கிடக்கிறது. ஓங்கி அடித்தால் பாயிண்ட். ஷிமிசு அடிக்கவில்லை. எழுந்து நின்று எடுக்கத் தோதாக ஒரு மெல்லிய பந்தைப் போட்டாராம். பள்ளிப் பாடப்புத்தகத்திலேயே ஏறிவிட்ட கதை இது. நிஜமாக நடந்ததா என்று துருவிப் பார்த்து ஜப்பானியர்களே பின்னாளில் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. இப்படிப்பட்ட கதைகள் தோற்றவர்களைச் சுற்றித்தான் முளைக்கும், ஜெயித்தவர்களுக்கு அவை தேவைப்படுவதில்லை. மேலும் ஷிமிசுவின் இயல்பான பந்தே மெல்லிய, உயர்ந்து விழும் பந்துதான். அவர் வழக்கம்போல ஆடியதை யாரோ பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டிருக்கலாம்.

அதே 1920-இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் இச்சியா குமாகாயே என்பவர் டென்னிஸில் இரண்டு வெள்ளி வாங்கினார். ஒற்றையரில் ஒன்று, செய்யிச்சிரோ காஷியோவோடு இரட்டையரில் ஒன்று. ஜப்பான் எந்த விளையாட்டிலும் பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கங்கள் அவைதான். குமாகாயே அப்போது நியூயார்க்கில் மிட்சுபிஷி வங்கி ஊழியர். காஷியோ அதே ஊரில் மிட்சுயி ஊழியர். ஷிமிசு கல்கத்தாவில் மிட்சுயி. ஜப்பானில் டென்னிஸ் சங்கம் முறையாக அமைந்ததே 1922-இல்தான். ஆக, அந்த நாட்டு டென்னிஸின் முதல் தலைமுறையை வளர்த்தது சங்கமோ அரசாங்கமோ அல்ல, வெளிநாட்டுக் கிளைகளின் சம்பளப் பட்டியல். இதைச் சொல்லத்தான் ஷிமிசுவை இந்தத் தொடருக்குள் கொண்டுவந்தேன். வியாபாரம் ஊர்விட்டு ஊர் கொண்டுபோவது சரக்கையும் கணக்குப் புத்தகத்தையும் மட்டுமல்ல.

1921-க்கு வருவோம். அந்த ஆண்டு விம்பிள்டனில் அரையிறுதி வரை போய், ஸ்பெயினின் மானுவல் அலோன்சோவிடம் ஐந்து செட்டில் தோற்றார். பிறகு நாடுகளுக்கு இடையிலான டேவிஸ் கோப்பை. ஜப்பானுக்கு அது முதல் டேவிஸ் கோப்பை, இந்தியாவுக்கும் அதுவே முதல். அகில இந்திய லான் டென்னிஸ் சங்கம் தோன்றி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. லாகூர் வக்கீல் முகமது ஸ்லீம், ஐ.சி.எஸ். அதிகாரி சிட்னி ஜேக்கப், அத்தர் அலி ஃபைஸி, லூயிஸ் டீன் ஆகியோர் இந்தியாவுக்காகப் போனார்கள். முதல் ஆட்டத்திலேயே பாரிஸில் பிரான்ஸை 4-1 என்று சாய்த்தார்கள். இன்றைக்கும் நினைத்தால் நிமிர்ந்து உட்கார வைக்கும் வெற்றி. அடுத்து அரையிறுதிக்காக அட்லாண்டிக்கைக் கடந்து சிகாகோ பக்கம் போனால், வலைக்கு அந்தப்புறம் நிற்பது யார்? கல்கத்தா ஷிமிசு. இந்தியா 5-0 என்று தோற்றது. இந்தியப் புல்லில் ஆடிப் பழகிய ஒருவரிடம் இந்தியா தோற்ற கதையை நம் விளையாட்டு வரலாறுகள் ஒரு வரிக்கு மேல் எழுதுவதில்லை.

அடுத்து நியூபோர்ட்டில் ஆஸ்திரலேசியாவை ஜப்பான் 4-1 என்று வென்றது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து ஆடிய அணி அது, பல முறை கோப்பையைத் தூக்கிய அணி. முதல் முறை நுழைந்த நாடு, கோப்பையைக் கையில் வைத்திருந்த அமெரிக்காவுக்கு எதிரே, நேராகச் சவால் சுற்றுக்கு வந்து நின்றது.

செப்டம்பர் 2, நியூயார்க் ஃபாரஸ்ட் ஹில்ஸ். இன்று படத்தில் பார்க்கும் கான்கிரீட் அரங்கம் 1923-இல் வந்தது. அன்றைக்கு மரப்பலகைப் பார்வையாளர் மேடைதான். முதல் ஆட்டத்தில் குமாகாயே அமெரிக்காவின் ஜான்ஸ்டனிடம் தோற்றுவிட்டார். இரண்டாவது ஆட்டம் டில்டனுக்கும் ஷிமிசுவுக்கும். டில்டன் உலகச் சாம்பியன். விம்பிள்டனை அந்த ஆண்டும் அவரே வென்றிருந்தார். முதல் செட் 7-5, ஷிமிசுவுக்கு. இரண்டாவது 6-4, அதுவும் ஷிமிசுவுக்கு. மூன்றாவதில் ஷிமிசு முன்னேறி, வெற்றிக்கு இன்னும் இரண்டே பாயிண்ட் என்ற இடத்துக்கு வந்துவிட்டார். டில்டன் அடித்த வேகமெல்லாம் திரும்பி வந்துகொண்டே இருந்தது. வேகத்துக்கு வேகம் கொடுத்தால் டில்டனுக்குப் பிடிக்கும். இவர் கொடுக்கவில்லை. உயரமாக, ஆழமாக, சுழற்சியோடு அடித்தளக் கோட்டுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டே இருந்தார். ரப்பர் பந்துக் காலத்தில் கற்ற வீச்சுதான்.

அந்த இரண்டு பாயிண்ட் கடைசிவரை வரவில்லை. டில்டன் மூன்றாவது செட்டை 7-5 என்று மீட்டார். அதற்குப் பிறகு வழக்கமான இடைவேளை. டில்டனின் காலில் இருந்த கட்டியை அந்த நேரத்தில் உடை மாற்றும் அறையில் கீறிவிட்டார்கள் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். திரும்பி வந்தவர் வேறு ஆளாக வந்தார். 6-2, 6-1. ஜப்பான் மொத்தத்தில் 5-0 என்று தோற்றது. ஸ்கோரை மட்டும் பார்த்தால் ஒருபக்க ஆட்டம் என்றே தோன்றும்.

அமெரிக்கக் கூட்டத்துக்கு ஷிமிசுவைப் பிடித்துவிட்டது. ‘ஷிம்மி’ என்று செல்லப்பெயர் வைத்தார்கள். டில்டனே தன் புத்தகத்தில் அவரைப் பாராட்டி எழுதினார். மூன்று வருஷம் கழித்து, 1924-இல் அதே அமெரிக்கா ஜப்பானியர் குடியேறக் கூடாது என்று சட்டம் போட்டது. கைதட்டல் ஒரு பக்கம், கதவடைப்பு ஒரு பக்கம். பர்மாவில் கடைவைத்திருந்த குடும்பங்களுக்கு இந்த இரட்டை முகம் பழக்கமானதுதான்.

இவ்வளவு ஆடியும் ஷிமிசுவுக்குப் பணம் ஒன்றும் வரவில்லை. அன்றைய விதிப்படி விம்பிள்டனிலும் டேவிஸ் கோப்பையிலும் ஆடுகிறவர் பரிசுப் பணத்தைத் தொடக்கூடாது. தொட்டால் தொழில்முறை ஆட்டக்காரர், பெரிய போட்டிகளில் இடம் கிடையாது. ஆகவே டென்னிஸ் ஆட இரண்டு வழி. ஒன்று பரம்பரைச் சொத்து, இல்லாவிட்டால் விடுப்புத் தரும் முதலாளி. நம்மூரில் ரயில்வேயும் வங்கிகளும் வாலிபால்காரர்களையும் கபடிக்காரர்களையும் சம்பளப் பட்டியலில் வைத்திருப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. டில்டன் 1930 கடைசியில் தொழில்முறைக்கு மாறினார். பெரிய போட்டிகள் எல்லோருக்கும் திறந்தது 1968-இல்.

நடுவில் நம் டென்னிஸ்காரர் ராமநாதன் கிருஷ்ணன் முன்னால், தொழில்முறைக்கு மாறுவதா வேண்டாமா என்ற கேள்வி வந்து நின்றது. 1959-இல் ஜாக் கிராமர் தன் தொழில்முறைக் குழுவுக்கு அவரை அழைத்தார். மூன்று ஆண்டுக்கு 1,50,000 டாலர் என்று சொல்லப்படுகிறது. கிருஷ்ணன் போகவில்லை. போயிருந்தால் 1960, 1961 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரையிறுதி இல்லை, 1966-இல் டேவிஸ் கோப்பைச் சவால் சுற்றும் இல்லை. ஆட்டத்தின் சாயலில் கிருஷ்ணனுக்கும் ஷிமிசுவுக்கும் ஓர் உறவு இருப்பதாக எனக்குப் படும். இரண்டு பேருமே பலத்தால் அல்ல, பந்து விழும் இடத்தால் ஜெயித்தவர்கள்.

ஜப்பானில் ஷிமிசுவுக்கு அடுத்த தலைமுறையின் பெரிய பெயர் ஜிரோ சாட்டோ. அவரும் குன்மா மாகாணத்துக்காரர். 1932, 1933 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரையிறுதி ஆடினார். 1933-இல் மையர்ஸ் பட்டியலில் உலகத்தில் மூன்றாவது. 1934 ஏப்ரலில் டேவிஸ் கோப்பைக்காக ஹகோனே மாரு கப்பலில் ஐரோப்பா போகும்போது உடல்நலம் கெட்டு, சிங்கப்பூரில் இறங்கிவிட நினைத்தார். பயணத்தைத் தொடரச் சொன்னார்கள். ஏப்ரல் 5 இரவு, மலாக்கா நீரிணையில், கப்பலிலிருந்து கடலில் குதித்து உயிரை விட்டார். வயது 26. சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் நம்மவர்கள் போய்வந்த அதே கடல்வழி. ஷிமிசு முதுகில் ஒரு கம்பெனி இருந்தது, சாட்டோ முதுகில் ஒரு நாடு ஏறிக்கொண்டது. எது கனம் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

இன்றைய கணக்கு வேறு. கெய் நிஷிகோரி பதின்மூன்று பதினாலு வயதில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் பயிற்சிக்குப் போனார். செலவை ஏற்றது சோனி நிறுவனர் குடும்பத்தைச் சேர்ந்த மசாக்கி மொரிட்டா ஏற்படுத்திய நிதி. பையனுக்குக் கம்பெனி வேலை இல்லை, டென்னிஸே வேலை. 2014-இல் அமெரிக்க ஓபன் இறுதி, 2015-இல் உலகத் தரவரிசையில் நான்காவது, 2016-இல் ரியோவில் நடாலை வென்று வெண்கலம். டென்னிஸில் ஜப்பானுக்கு 1920-க்குப் பிறகு கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. இதே நிஷிகோரி சென்னை ஓபனுக்கு வந்து நுங்கம்பாக்கத்தில் ஆடியிருக்கிறார். 2012 ஜனவரியில் அங்கே இன்னொரு ஜப்பானியர், கோ சோயேடா, அரையிறுதி வரை போய் செர்பியாவின் திப்சரேவிச்சிடம் தோற்றார். அப்போது தமிழ்நாடு டென்னிஸ் சங்கத்தின் தலைவர் எம்.ஏ. அழகப்பன். 1900-இல் பர்மாவின் மோல்மெயினில் கடைவைத்த பள்ளத்தூர் முருகப்பச் செட்டியாரின் குடும்பம். கிட்டங்கிக்கும் டென்னிஸ் களத்துக்கும் நடுவே இருந்த வாசல் மூன்று தலைமுறையில் திறந்துவிட்டது, ஆனால் மட்டை பிடிப்பவராக அல்ல, போட்டி நடத்துபவராக.

ஷிமிசு 1920-களின் நடுப்பகுதி வரை டேவிஸ் கோப்பையில் ஜப்பானுக்காக ஆடினார். அதற்குள் வயது முப்பத்தைந்தை நெருங்கியிருந்தது. பின்னாளில் மிட்சுயி குழுமத்திலேயே ஆயுள் காப்பீட்டுப் பக்கம் வேலை பார்த்தார். 1977 ஏப்ரலில் இறந்தபோது வயது 86.

(தொடரும். அடுத்த இதழில்: பினாங்குத் தெருவில் செட்டியார் கடைகள்)